வயதுபோன செம்மறிகளைக் காகம் கொத்துகிறது: உங்கள் பக்கம் என்ன செய்கிறீர்கள்?

பூநகரி_மறி

வணக்கம். எங்கள் பட்டியில் நிற்கிற செம்மறிகளில் நாலைந்து நன்றாக வயதுபோனவை. காகம் இளம் ஆடுகளை விட்டுவிட்டு இதுகளைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

முதுகில் ஏறி உண்ணி பொறுக்குவது எந்த நாளும் நடக்கிற விஷயம், அதை நான் குறை சொல்லவில்லை. இப்போது நடப்பது வேறு. ஒரு மறிக்கு (பெண் ஆட்டுக்கு) வாலடிக்குச் சற்று மேலே, முள்ளந்தண்டு முடிகிற இடத்தில், இரண்டு ரூபாய்க் குற்றியளவு புண். இரவில் அது காய்ந்து பொருக்குக் கட்டும். விடிந்ததும் காகம் வந்து நடுமுதுகில் குந்தி, பொருக்கின் ஓரத்தை அலகால் நெம்பித் தூக்கி, கீழே இருக்கிற பச்சை இறைச்சியைக் கொத்தும். இளம் ஆடு என்றால் உதறிக்கொண்டு ஓடும். இது தோலை மட்டும் சிலுப்பிக்கொண்டு நிற்கிறது. இன்னொரு மறி வெயிலுக்கு வேம்பின் கீழ் படுத்தால் எழும்ப நேரமெடுக்கும். நேற்று அது தலையை நிலத்தில் சாய்த்துப் படுத்திருந்தபோது இமையோடு சேர்த்துக் கொத்திவிட்டது. இரத்தம் வந்தது.

பக்கத்து வளவுக்காரர் கருவாட்டில் மருந்து வைக்கச் சொல்கிறார். எனக்கு அதில் விருப்பமில்லை. நாய், கோழி, பிள்ளைகள் எல்லாம் திரிகிற வளவு. விற்றுவிடு என்றும் சொல்கிறார்கள், அதைப் பிறகு கதைப்போம். இப்போது காகத்தை ஆட்டில் ஏறவிடாமல் எப்படிச் செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ.

நெடுங்கேணிப்_பொடியன்

அக்கா, கல்லடிக்கிற கெற்றப்போல் (கவண்) ஒன்று காணும். ஒன்றை விழுத்தி வேலியில் கட்டித் தொங்கவிடுங்கோ. மற்றதுகள் அந்தப் பக்கமே வராது.

வவுனிக்குளத்தான்

தம்பி சொல்வது சில நாளைக்கு வேலை செய்யும்தான். செத்த காகத்தைக் கண்டால் ஊர்க்காகம் எல்லாம் திரண்டு கத்தும், கொஞ்ச நாள் விலகி நிற்கும். அது காய்ந்து வெறும் இறகாகத் தொங்கத் தொடங்கியதும் அதே வேலிக்கட்டையில் வந்து இருக்கும்.

தங்கச்சி, நான் காகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆட்டைப் பற்றிக் கேட்கிறேன். காகம் நாள் முழுக்க மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற சீவன். எது உதறும், எது உதறாது என்று அதற்கு எங்களுக்கு முன்னமே தெரியும். அந்த மறி ஏன் உதறாமல் நிற்கிறது? ஏன் எழும்ப நேரமெடுக்கிறது? கீழ்வாய்ப் பல்லைப் பார்த்தீர்களா? கண்ணின் கீழிமையை இழுத்து நிறம் பார்த்தீர்களா? முதுகெலும்பைத் தடவிப் பார்த்து, விரலுக்கு எலும்பு எப்படித் தட்டுப்படுகிறது என்று சொல்லுங்கோ. பிறகு காகத்துக்கு வருவோம்.

பூநகரி_மறி

நன்றி அண்ணை. இன்று காலையில் பிடித்துப் பார்த்தேன். புண் உள்ள மறிக்கு முன்பல் எட்டில் மூன்று இல்லை, இருக்கிறதும் நீண்டு ஆடுகிறது. முதுகெலும்பு முடிச்சு முடிச்சாக விரலில் குத்துகிறது. படுக்கிற மறிக்குக் கீழிமை கிட்டத்தட்ட வெள்ளை. அதுக்குத் தாடையின் கீழே பை மாதிரி ஒரு வீக்கமும் இருக்கிறது. மேய்ந்துவிட்டு வருகிற நேரம் பெரிதாகத் தெரியும், காலையில் குறைந்திருக்கும். பல்லுக் கொதியாக்கும் என்று வீட்டில் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற_கால்நடை

பிள்ளை, அது பல்லுக் கொதி இல்லை. மாலையில் வீங்கி இரவில் வற்றுகிற தாடை வீக்கமும் வெள்ளை இமையும் சேர்ந்து வந்தால், முதலில் நினைக்க வேண்டியது ஹீமொங்கஸ் என்கிற இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவை. இரத்தம் குறைந்து அதில் உள்ள புரதமும் குறையும்போது நீர் கசிந்து கீழே இறங்கும். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்கிற ஆட்டுக்கு அது தாடையில் வந்து தேங்கும். இரவு தலை நிமிர்ந்து படுக்கும்போது வடியும்.

அந்தப் புழு நாலாம் இரைப்பையில் இருக்கும், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளம். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் இரத்தம் எடுக்கும். கேட்கச் சின்னக் கணக்கு. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலீற்றர். எங்கள் ஊர்ச் செம்மறி 25 கிலோ இருந்தாலே பெரிய ஆடு, அதன் உடம்பில் மொத்தமாக இருப்பது இரண்டு லீற்றருக்கும் குறைந்த இரத்தம். மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கோ. அந்த ஆடு காகத்தை உதறாததில் என்ன அதிசயம்?

இதுக்குப் பூச்சிமருந்து உண்டு. ஆனால் கையால் தூக்கிப் பார்த்து மட்டுக்கட்டிக் கொடுக்காதீர்கள். நிறை போட்டு, மருந்து எது என்று மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கோ. குறைத்துக் கொடுத்தால் சாகாத புழு மிஞ்சி அடுத்தமுறை மருந்துக்கு அசையாது. சினை ஆடு என்றால் அதையும் சொல்லிக் கேட்க வேண்டும். அல்பெண்டசோல் போன்றவை சினையின் தொடக்கத்தில் கூடாது.

மேய்ச்சலையும் பாருங்கோ. எச்சத்தோடு விழுகிற முட்டை எங்கள் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப்புழுவாகி, ஈரப்புல்லின் அடியில் இருந்து ஏறும். மாரியில் குளத்துக் கரையிலும் வயல் வரம்பிலும் ஒட்ட மேய்கிற செம்மறிக்குத்தான் இது கூடுதலாக ஏறும். குழை தின்கிற வெள்ளாட்டுக்கு அந்தளவு இல்லை. வயதுபோனதையும் குட்டி ஈன்றதையும் பனி காய்ந்த பிறகு, மேட்டு நிலத்தில் விடுங்கோ.

நெடுங்கேணிப்_பொடியன்

ஐயா, நல்ல விளக்கம். ஆனால் அக்கா கேட்டது காகத்துக்கு. பூச்சிமருந்து கொடுத்து ஆடு தேற மாதக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் கொத்திக்கொண்டே இருக்கும் இல்லையா?

கரைச்சிக்_கொட்டில்

பொடியன் கேட்டது நியாயம். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் புண். திறந்த புண்ணைக் காகம் மட்டும் தேடி வருவதில்லை, ஈயும் வரும். காகம் கொத்திய இடத்தில் புழு வைப்பதுதான் கூடுதலான ஆடுகளைக் கொல்கிறது. புண்ணைச் சுற்றி மயிரை நன்றாக ஒட்ட வெட்டுங்கோ. கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவி, ஓரத்தை விரித்துப் பாருங்கோ. புண்ணின் விளிம்பில் அரிசிக் குருணலை அடுக்கிவைத்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது ஈமுட்டை. அதை அப்போதே வழித்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே புழு இருந்தால் கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் விட்டுக் கொஞ்சம் பொறுத்து, மேலே வருகிறவற்றைக் கவ்வியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அது உள்ளே தின்றுகொண்டு போகும். எடுத்ததை நிலத்தில் போடாமல் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கோ, நிலத்தில் விழுந்தால் கூடாகி ஈயாக வரும். பிறகு புண்ணுக்கு ஊதா மருந்து. சுற்றிவர வேப்பெண்ணெய்.

அதற்கு மேலே மூடுங்கோ. பழைய பருத்திச் சாரம் ஒன்றைக் கிழித்து, முதுகை மூடி, முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு கட்டு, தொடைக்கு முன்னால் ஒரு கட்டு. வாலுக்குக் கீழே மூடக்கூடாது, நனைந்து நாறும். உரப்பை கட்டாதீர்கள், காற்றுப் போகாது, உள்ளே வெந்துவிடும். பகலில் சாரத்தோடு விட்டு, இருட்டினதும் அவிழ்த்து, புண்ணைப் பார்த்துக் காற்றாட விடுங்கோ. இருட்டில் காகம் வராது. கொட்டிலில் ஈ மொய்த்தால் மட்டும் இரவிலும் கட்டலாம்.

இது செய்த ஆட்டில் காகம் வந்து குந்தும், துணியை ஒன்றிரண்டு தரம் இழுக்கும், ஒன்றும் கிடைக்காது, போய்விடும். காகம் கிடைக்காத இடத்தில் மினக்கெடாது.

ஓய்வுபெற்ற_கால்நடை

பிள்ளை சரியாகச் சொல்கிறாள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் நாட்டில் உயிர்த்தசையைத் தின்கிற ஈ இருக்கிறது, கிரைசோமியா பெசியானா. மற்ற ஈக்கள் அழுகிய இடத்தைத் தேடும். இது நல்ல தசை உள்ள புதுப்புண்ணிலேயே, உண்ணி கடித்த துளையில் கூட, முட்டை போடும். ஒரு நாளுக்குள் பொரித்து, ஏறத்தாழ ஒரு கிழமை தின்றுவிட்டு நிலத்தில் விழும். ஆகவே புண்ணை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வாலடி, கொம்படி, காது, தொப்புள், எல்லாம் நாளுக்கு ஒரு தரம். குழி ஆழமாகி, நாற்றத்தோடு இரத்தம் வடிந்தால் வைத்தியரிடம் போக வேண்டும், ஊசிமருந்து தேவைப்படும்.

அக்கராயன்_வாத்தி

இந்தக் கதை எங்கள் ஊரில் மட்டும் இல்லை. நியூசிலாந்தின் மலைப்பகுதியில் கீயா என்று ஒரு பெரிய மலைக்கிளி உண்டு. 1860களில் அங்கே செம்மறி பெருகியபோது, அந்தக் கிளி ஆட்டின் முதுகில் ஏறி, சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்புக்காக நாரியைக் கொத்தத் தொடங்கியது. அரசாங்கம் கிளியின் அலகுக்குக் காசு கொடுத்தது. 1970 வரைக்கும் 1,50,000 க்கு மேல் கொன்றார்கள். கொத்துவது நிற்கவில்லை, கிளிதான் அழிகிற நிலைக்கு வந்தது. 1986 இல் அதை முழுமையாகப் பாதுகாத்தார்கள். அங்கே பல ஆடுகள் செத்தது கொத்தினால் அல்ல, புண்ணுக்குள் போன கிருமியால். தடுப்பூசி போட்ட பட்டிகளில் சாவு குறைந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காகத்தைக் கொன்று முடிக்கிற கதை எங்கள் ஊரில் நடவாது. கிளியை விடக் காகம் பல மடங்கு. இன்று பத்தைக் கொன்றால் சந்தைக் குப்பையில் இருந்து இருபது வரும்.

முல்லைக்_கடலோரம்

நஞ்சு வைக்கிற கதையை இத்தோடு விடுங்கோ. எங்கள் கரையில் ஒருவர் வைத்தார். காகம் நாலு விழுந்தது. அதைத் தின்ற நாய் விழுந்தது, செம்பருந்து ஒன்று வேலியடியில் கிடந்து துடித்தது. காகம் வாந்தியெடுத்த துண்டு கிணற்றுக்குள் விழுந்து, கிணற்றை இறைக்க வேண்டி வந்தது. பூநகரி அக்கா செய்யமாட்டேன் என்று நிற்பதில் உறுதியாக நில்லுங்கோ.

எங்களிடம் இருப்பது வலை. கிழட்டு ஆடு, நோய்பிடித்தது, குட்டி ஈனப்போவது, இதுகளுக்குத் தனிப் பட்டி ஒன்று அடைத்து மேலே வலை போட்டிருக்கிறோம். தூண் எட்டடி உயரம், ஆள் நிமிர்ந்து நடக்க வேண்டும். வலையைத் தொய்யவிடாமல் இழுத்துக் கட்டினால்தான் சரி. தொய்ந்த வலையில் காகம் கால் மாட்டும், பாம்பு மாட்டும், கிடாய் கொம்பைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளும். நிலத்தில் இருந்து மூன்றடிக்குப் பக்கவாட்டில் வலை வேண்டாம், அங்கே கிடுகோ மட்டையோ அடையுங்கோ.

வலை இல்லாதவர்கள் தங்கூசியை (மீன்பிடி நைலோன் நூலை) ஒரு அடிக்கு ஒன்றாக மேலே குறுக்கே இழுக்கலாம். காகத்துக்கு அது சரியாகத் தெரியாது. இறங்கும்போது செட்டை பட்டதும் பயந்து எழும்பும். இரண்டு தரம் பட்டால் அந்த இடத்தில் நம்பி இறங்காது. ஆனால் காற்றுக்கும் வெயிலுக்கும் அறும். அறுந்த துண்டைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், ஆடு புல்லோடு விழுங்கினால் வயிற்றில் சிக்கும்.

துணுக்காய்_பேத்தி

அம்மம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவ சின்னவயதில் இருந்து ஆட்டோடு நிற்கிறவ.

அவ கேட்கிற முதல் கேள்வி: விரதச் சோறு எங்கே வைக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். அதைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் மதிலிலோ கிணற்றுக்கட்டிலோ வைத்தால், காகம் காலையில் கூரையில் வந்து காவல் இருக்கும். சோறு கிடைக்காத நாளில் கண்ணுக்கு எதிரே ஆடு நிற்கிறது. வைப்பதை விடச் சொல்லவில்லை, வளவின் மற்றப் பக்கம், படலையடியில் வையுங்கோ என்கிறா.

அடுத்தது இளங்கொடி, ஈன்ற பிறகு விழுகிற நஞ்சுக்கொடி. மாட்டின் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தூக்குகிறோம். ஆட்டினது விழுந்த இடத்திலேயே கிடக்கும். காகத்துக்கு அதுதான் விருந்து, ஒருதரம் அந்த ருசி கண்டால் குட்டி ஈனும் மறியின் பின்னாலேயே திரியும். விழுந்தவுடன் எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் தாட்டு, மேலே கருக்குமட்டை போடுங்கோ. ஆடு அடித்தால் குடல், தோல் துண்டு எல்லாம் அப்படித்தான்.

மூன்றாவது, ஆடு மல்லாந்து கிடந்தால். சாணகக் குழியிலோ, உழவு மெசின் சில்லுப் பள்ளத்திலோ வயதுபோன ஆடு சரிந்து நாலு காலும் மேலே வந்தால், தானாகப் புரண்டு எழும்ப ஏலாது. வயிற்றில் காற்று ஏறி மூச்சு முட்டும். சில மணித்தியாலத்தில் செத்துவிடும். காகம் அதுவரை காத்திராது, கண்ணில்தான் தொடங்கும். ஆகவே மேய்ச்சலில் காகம் ஒரு இடத்தில் இறங்கி ஏறி இறங்கிக் கத்தினால், விரட்டக் கல்லைத் தேடாமல் முதலில் அங்கே ஓடிப்போய்ப் பாருங்கோ என்கிறா. புரட்டி நெஞ்சில் இருத்தி, இரண்டு பக்கமும் முழங்காலால் முண்டு கொடுத்து, ஏப்பம் விட்டு, கால் ஊன்றும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உடனே விட்டால் மறுபடி சரியும்.

பூநகரி_மறி

அம்மம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கோ. சோறு வைக்கிற இடம் எங்கள் வீட்டில் கொட்டில் வாசலுக்கு நேரே இருக்கிற பூவரசங்கட்டைதான். நாளைக்கே மாற்றுகிறேன்.

கண்ணுக்கு என்ன செய்வது? இமை கிழிந்திருக்கிறது, கண்ணிலிருந்து நீர் வடிகிறது, வெளிச்சத்துக்கு மூடுகிறது. வீட்டில் ஆளுக்கு வாங்கிய கண் சொட்டுமருந்து இருக்கிறது.

ஓய்வுபெற்ற_கால்நடை

அந்தச் சொட்டுமருந்தை விடாதீர்கள். ஆளுக்கு வருகிற சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியில் கீறல் இருந்தால் அது புண்ணை உள்ளே இறக்கி, கண்ணையே கெடுத்துவிடும். சுண்ணாம்பு, சீனித்தூள், புகையிலைச்சாறு, எதுவும் வேண்டாம். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. துப்பரவான துணியை நனைத்துக் கண்ணின் மூக்குப் பக்க மூலையில் இருந்து வெளிப்பக்கமாகக் கழுவி, நிழலில் கட்டுங்கோ. இன்றைக்கே மிருக வைத்தியருக்குக் காட்ட வேண்டும். கண்மணியில் நீலவெள்ளைப் படலம் தெரிந்தால் ஒரு நாளும் பிந்தக்கூடாது.

கண் போனாலும் ஆடு இருக்கும், பயப்படாதீர்கள். பார்வை உள்ள பக்கத்தால் போய், குரல் கொடுத்து, தொட வேண்டும். தீனும் அந்தப் பக்கத்தில் வையுங்கோ.

நெடுங்கேணிப்_பொடியன்

வெருளி வைத்துப் பார்த்தவர் இருக்கிறீர்களா? எங்கள் சோளத்துக்கு வைத்தோம். பழைய சீடியும் கட்டினோம். முதல் வாரம் நல்லது, பிறகு வெருளியின் தலையில் இருந்து எச்சம் போடுகிறது.

அக்கராயன்_வாத்தி

ஒரே இடத்தில் நின்றால் அப்படித்தான். அமெரிக்காவில் ஜோன் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரின் குழு 2006 இல் வாஷிங்டன் பல்கலைக்கழக வளவில், ஒரு முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து அடையாள வளையம் மாட்டி விட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகும் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் திரண்டு கத்தின. அன்றைக்குப் பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின. அது அவர்கள் ஊர்க் காகம், வேறு இனம். ஆனால் எங்கள் காகமும் கெற்றப்போல்காரனைத் தூரத்திலேயே அடையாளம் காண்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதனால் வெருளிக்கு எந்தச் சட்டையும் போடாதீர்கள், நீங்கள் விரட்டும்போது போடுகிற சட்டையையும் தொப்பியையுமே போடுங்கோ. நாளுக்கு நாள் இடம் மாற்றுங்கோ. இடைக்கிடை வெருளி நின்ற இடத்தில் அதே உடுப்போடு நீங்களே நின்று கல்லெறியுங்கோ. எங்கள் வளவில் அப்படிச் செய்தபோது நீண்ட நாள் தாக்குப்பிடித்தது.

வவுனிக்குளத்தான்

எல்லாப் பறவையையும் விரட்டத் தேவையில்லை. உண்ணிக்கொக்கு ஆட்டின் காலடியில் கிளம்புகிற தத்துவெட்டியையும் ஈயையும் தின்கிறது. நாகணவாய் உண்ணி பொறுக்குகிறது. இரட்டைவால் குருவி முதுகில் சவாரி போய்ப் பூச்சி பிடிக்கும், அது நிற்கிற இடத்தில் காகத்தையும் கலைக்கும். காகமே புண்ணில்லாத ஆட்டில் உண்ணி பொறுக்கினால் நல்லதுதான். உண்ணியை நாங்களே எடுத்துவிட்டால் காகத்துக்கு முதுகில் வேலையே இல்லை. காதுக்குள், வாலடியில், தொடையிடுக்கில் பாருங்கோ. கடித்த உண்ணியைப் பிய்க்காமல் தலையோடு இழுங்கோ, பிய்த்தால் அந்த இடம்தான் அடுத்த புண்.

அண்டங்காகம் பற்றி ஒரு சொல். காட்டுக்கரையில் மேய்ப்பவர்களுக்கு ஊர்க்காகத்தை விட அதுதான் ஆபத்து. அலகு பெரிது, ஒரு கொத்திலேயே தோல் கிழியும். சோடியாக வரும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரம் விடுகிறவர்கள் பிந்திய ஆட்டைத் தனியே விடாதீர்கள்.

மடு_வீதி

இவ்வளவு செலவும் மினக்கேடும் ஒரு கிழட்டு ஆட்டுக்கா? பல்லுப் போன மறி இனிக் குட்டியும் ஈனாது, ஈன்றாலும் பால் இராது. காலத்தோடு விற்றால் கொஞ்சமாவது காசு வரும். மனவருத்தம் எனக்கும் விளங்குகிறது, ஆனால் ஆடு வளர்ப்பது தொழில்.

பூநகரி_மறி

நீங்கள் சொல்வதில் பிழை இல்லை. எல்லோருக்கும் அது ஏலாத காரியம் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தையும் கேளுங்கோ.

2010 இல் திரும்பி வந்து தறப்பாளின் கீழ் இருந்தபோது எங்களுக்குக் கிடைத்த இரண்டு மறியின் வழியில் வந்ததுகள்தான் இன்றைக்குப் பட்டியில் நிற்கிறதெல்லாம். இந்த நாலைந்தும் அந்த இரண்டின் குட்டிகளும் பேத்திகளும். மூத்த மறிக்குப் பின்னால்தான் பட்டி நடக்கும். குளத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும், எந்த ஒழுங்கையால் திரும்ப வேண்டும் என்று அதுக்குத் தெரியும். அது வாசலைக் கடந்தால் மிச்சம் எல்லாம் உள்ளே வரும். பின்னேரம் நான் பட்டிக்குப் பின்னால் ஓடாமல் இருப்பது அதனால்தான். அதுக்கு விலை போடுவது கஷ்டம். விற்றாலும், எலும்பும் தோலுமாக நிற்கிறதுக்கு யாபாரி தருகிற காசும் எல்லோருக்கும் தெரியும்.

கரைச்சிக்_கொட்டில்

விற்பதென்றால் பல் தேயத் தொடங்குகிற வயதில், உடம்போடு இருக்கும்போதே விற்க வேண்டும். அது கடந்து வைத்திருக்கிறோம் என்றால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். வைத்திருந்துகொண்டு வெளியில் கிடக்கட்டும் என்று விடுவதுதான் பாவம். 2022 மார்கழியில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடும் ஆடும் விறைத்துச் செத்தன என்று நாங்கள் பார்த்தோம். திறந்த வெளியில், காற்றுக்கும் மழைக்கும் நின்ற சீவன்களுக்குத்தான் அடி. வாடைக்காற்றுப் பக்கம் கிடுகை இரட்டையாக அடைத்து, நிலத்தில் இருந்து பலகையோ கமுகஞ்சலாகையோ உயர்த்திப் போட்டால், விடியக்காலையில் விறைத்துப்போய் எழும்பாமல் கிடக்காது. எழும்பாமல் கிடப்பதைத்தானே காகம் தேடுகிறது.

பல்லில்லாததுக்குத் தீன்: புல்லை இரண்டு அங்குலமாக வெட்டிப் போடுங்கோ. தவிட்டையும் ஊறவைத்த எள்ளுப் பிண்ணாக்கையும் குழைத்து, முதலில் ஒரு கைப்பிடி, பிறகு நாளுக்கு நாள் கூட்டுங்கோ. ஒரேயடியாகத் தவிடோ சோறோ வைத்தால் வயிறு புளித்துப் படுத்துவிடும். இளசுகளோடு சேர்த்து வைத்தால் கிழடு தள்ளுப்பட்டு நிற்கும், தனியே வையுங்கோ. தின்று முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து விடுங்கோ, தவிடு ஒட்டியிருந்தால் அதுக்கே காகம் வரும்.

நெடுங்கேணிப்_பொடியன்

ஒரு சந்தேகம். பனி காய்ந்த பிறகு விடு என்கிறார் ஐயா. பத்து மணிக்கு மேல் எங்கள் வெயிலில் கிழட்டு ஆடு மேயாது, மரத்தடியில் படுத்துவிடும். படுத்தால் காகம். இதுக்கு என்ன வழி?

வவுனிக்குளத்தான்

கோடையில் பனியும் இல்லை, ஈரப்புல்லும் இல்லை. கோடையில் விடியக்காலையிலேயே விடலாம், பத்து மணிக்குத் திருப்பி வலைப் பட்டிக்குள் நிழலில் கட்டலாம். மாரியில் வெயில் குறைவு, அப்போது பிந்தி விடலாம். இடையில் தை, மாசிதான் இடைஞ்சலான காலம், பனியும் விழும், நண்பகலில் வெயிலும் சுடும். அந்த மாதங்களில் நாங்கள் வயதுபோனதை வெளியே விடுவதே இல்லை. புல் வெட்டி வீட்டில் போடுகிறோம்.

பூநகரி_மறி

இதுவரைக்கும் நடந்ததைச் சொல்கிறேன். வைத்தியர் வந்து பார்த்தார். கருவிழியில் கீறல் இல்லை, இமை மட்டும்தான், களிம்பு தந்தார். நிறை போட்டுப் பூச்சிமருந்து கொடுத்தோம். தாடை வீக்கம் வற்றத் தொடங்கியிருக்கிறது, இமை இன்னும் வெளிறித்தான் இருக்கிறது, அதுக்கு நாள் எடுக்கும் என்றார். சாரம் கட்டிய மறியின் புண் ஓரத்தால் மூடிக்கொண்டு வருகிறது. சோறு வைக்கிற இடத்தைப் படலைக்கு மாற்றியதும் காலையில் கூரையில் நிற்கிற காகம் குறைந்துவிட்டது. இல்லாமல் போகவில்லை. மூத்த மறி மட்டும் தீன் எடுப்பது குறைவாகத்தான் இருக்கிறது, தவிட்டை நக்கிவிட்டு நிற்கிறது.

வலைப் பட்டி அடைக்கப் போகிறோம். இருபதுக்குப் பதினைந்து அடி. கடலோரம் தம்பி, பழைய வலை எடுக்க வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற_கால்நடை

மூத்த மறியின் கடைவாய்ப் பல்லையும் பாருங்கோ. வெளியே தாடையோரம் தடவினால் கூர் தட்டுப்படும், அல்லது மென்ற புல் உருண்டையாகக் கன்னத்துக்குள் அடைந்திருக்கும். விரலை உள்ளே விடாதீர்கள், கடைவாயில் அகப்பட்டால் எலும்பு முறியும். வைத்தியர் அடுத்தமுறை வரும்போது காட்டுங்கோ. அதுவரைக்கும் கஞ்சித்தண்ணீரில் தவிட்டைக் களியாகக் கரைத்து இளஞ்சூட்டில் வையுங்கோ.

முல்லைக்_கடலோரம்

வலை இருக்கிறது அக்கா. இருபதுக்குப் பதினைந்து என்றால் சுற்றிவர மூன்றடி கூட்டித்தான் வெட்ட வேண்டும், இழுத்துக் கட்ட இடம் வேண்டும். கண் சின்னதாகப் பார்த்து எடுக்கிறேன், பெரிய கண் என்றால் காகம் தலையை விட்டுக்கொள்ளும். உப்பு ஊறிய வலை, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிக் காயவைத்துப் போடுங்கோ, இல்லாவிட்டால் ஆடு நக்கி நக்கியே கடித்துப்போடும். பரந்தன் சந்தி வரைக்கும் பஸ்ஸில் போட்டுவிடலாம், அங்கே வந்து எடுப்பீர்களா? கட்டுகிற அன்றைக்கு இரண்டு பேர் நில்லுங்கோ, ஒருவர் இழுக்க ஒருவர் முடிய. மூலைத் தூணுக்கு மட்டும் முதிரையோ பாலையோ போடுங்கோ, மிச்சத்துக்குக் கிளிசெறியாக் கதியால் காணும், துளிர்த்தால் குழையும் ஆச்சு.